கள்ளிமுனையில் மழை நின்றது

கள்ளிமுனையில் மழை நின்றது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் மழை ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே மழை ஓயவில்லை, நின்றது. பங்குனி மாதத்தில், உப்பு நன்றாக விளைந்து, வாரிக் குவித்த அம்பாரங்கள் வரப்போரம் வெள்ளை வெளேரென்று வரிசை கட்டியிருந்த ஒரு பகல் பொழுதில், கடல் பக்கமிருந்து யாரும் எதிர்பாராத மேகம் ஒன்று ஏறி வந்தது. ஓலையும் தார்ப்பாயும் தூக்கிக்கொண்டு அளத்துக்காரர்கள் அம்பாரங்களைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்க, இரைச்சலோடு இறங்கி வந்த மழை, நடுத்தர உயரமுள்ள ஓர் ஆளின் தலையைத் தொட்டும் தொடாத உயரத்துக்கு வந்ததும், அதற்குக் கீழே இறங்காமல், துளித்துளியாக அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் பலவேசம் ஊர்க் கடைசியில் இருந்த சுகாதார நிலையத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் தவசிமணி முதலாளியின் அளத்தில் உப்பு வாருகிறவன். அதிகம் பேசாதவன். பேச ஆரம்பித்தாலும் எதிரே இருப்பவர் மீதியை முடித்துவிட மாட்டாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன். உள்ளே அவன் மனைவி உலகம்மாள் பிரசவத்தில் இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஓடி, இருக்கிற கோயிலுக்கெல்லாம் போய், இனி இல்லை என்று இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமலே முடிவுகட்டிய பிறகு வந்த பிள்ளை அது.

நர்ஸ் ஜெபமணி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ள பொறந்துட்டு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ."

"என்ன பிள்ள?" என்று கேட்டான் பலவேசம்.

ஜெபமணி எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய பதில்தான். அன்றைக்கு அது அவள் வாயில் வரவில்லை. "அத இப்ப என்னால சொல்ல முடியல அண்ணாச்சி. பாக்க ரெண்டு மாதிரியும் இருக்கு. இப்படியும் பிள்ளைகள் பொறக்கும், நான் படிச்சிருக்கேன், பாத்ததில்ல. பெரியாஸ்பத்திரில காட்டிக் கேக்கணும். கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

பொறுங்க என்று அவள் சொன்ன கையோடு, தகரக் கூரையில் அப்போதுதான் அடிக்க ஆரம்பித்திருந்த சத்தம் நின்றது. பலவேசத்துக்கு முதலில் காது அடைத்துவிட்டது என்றே தோன்றியது. பிறகு அண்ணாந்து பார்த்தான். பனைகள் மழைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. வீட்டுக் கூரைகள் மழைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மழை எங்கேயும் போகவில்லை, எங்கேயும் வரவுமில்லை. அவன் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பார்க்க உள்ளே போனான். பிள்ளை கையை மூடிக்கொண்டு தூங்கியது. உலகம்மாள் விழித்திருந்தாள்.

"மழ விட்டுட்டா?" என்று கேட்டாள்.

"நிக்கி" என்றான் பலவேசம். அவன் அன்றைக்குப் பொய் எதுவும் சொல்லவில்லை.

அளத்தில் இருந்தவர்கள் முதலில் அம்பாரங்களை மூடி முடித்தார்கள், அதற்குப் பிறகுதான் ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியமும் அதிக நாள் தாங்கவில்லை. கள்ளிமுனை குடிதண்ணீருக்கு லாரியை நம்பியிருந்த ஊர், தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். பெண்கள் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி வாயை ஒருபக்கமாகச் சாய்த்து நான்கு எட்டு நடந்தால் குடம் நிறைந்துவிடுகிறது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். எடுத்த இடம் வெறுமையாகக் கிடந்து மறுநாள் விடியும்போது தானாக நிறைந்துவிடும். உயரமானவர்கள் குனிந்து நடக்கப் பழகினார்கள். குள்ளமானவர்கள் அதுவரை அனுபவிக்காத ஒரு சௌகரியத்தை அனுபவித்தார்கள். சுமை ஏற்றிய லாரிகள் மேல்பாரம் நனையாமல் ஊரைக் கடக்க முடியவில்லை. தவசிமணி முதலாளியின் வீடு ஒன்றுதான் ஊரில் மாடிவீடு, அந்த மாடியில் துணி காயப்போடுவதை அவர் வீட்டுப் பெண்கள் நிறுத்தினார்கள். சாயங்காலம் தோறும் வானவில் வந்தது, பிள்ளைகள் கொஞ்ச நாளில் அதை அண்ணாந்து பார்ப்பதையும் விட்டார்கள். வானிலை இலாகாவிலிருந்து வந்தவர்கள் குடைபிடித்து நின்று பார்த்துவிட்டு, இது எங்கள் கணக்கில் வராது, மழை என்றால் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டிவிக்காரர்கள் எடுத்த படத்தில் மழை பெய்வது மாதிரியே தெரிந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உப்புதான் எல்லாரையும் வாயடைக்க வைத்தது. வெயில் அந்தத் துளிகளுக்குள் புகுந்து, பூதக்கண்ணாடிக்குள் புகுந்ததுபோல் உருண்டு திரண்டு பாத்திகளைச் சுட்டது. உப்பு ஒரே மணியாக, பளிச்சென்று, பல்லில் கடித்தால் சத்தம் கேட்கும்படியாக விளைந்தது.

மழைக்கும் பிள்ளைக்கும் உள்ள சங்கதியைக் கண்டுபிடித்தது டீக்கடை அன்னபாக்கியம். பிள்ளை பார்க்க வந்த உலகம்மாளின் பெரியம்மை ஒருத்தி, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற குரலில், "ஆம்பளப் பிள்ளதாம்ளா, இதுல என்ன சந்தேகம்" என்று சொன்னாள். வாசலுக்கு நேர் மேலே மழை நடுங்கி, ஒரு முற்றத்தளவு பொலபொலவென்று கொட்டியது. பிறகு வந்த வேறொருத்தி, "பொம்பளப் பிள்ளதான், மொகத்தப் பாத்தாலே தெரியலியா" என்றாள். அதற்கும் அதே அளவு கொட்டியது, வாசலில் இல்லை, அளத்தின் மேல். அந்த முறை தவசிமணி முதலாளியின் அம்பாரம் ஒன்றில் பாதி கரைந்தது. அன்னபாக்கியம் டீ ஆற்றிக்கொண்டே இரண்டையும் பார்த்திருந்தாள். மறுநாள் காலை கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், "அந்தப் பிள்ளைய என்ன பிள்ளன்னு எவனும் வாயத் தொறக்காதீங்க. ஜெபமணி பொறுக்கச் சொல்லிருக்கா. பொறுத்துக்கிடுங்க" என்றாள். அன்றோடு கள்ளிமுனையில் அந்தக் கேள்வி நின்றது.

கேள்வியை நிறுத்துவது சுலபம், பேச்சை நிறுத்துவதுதான் கடினம் என்று முதலில் நினைத்தார்கள். வந்தான் என்றாலும் மழை நடுங்கும், வந்தாள் என்றாலும் மழை நடுங்கும். ஆனால் அந்தப் பக்கத்துப் பேச்சில் எந்தப் பிள்ளையையும் பிள்ள வந்துச்சு, பிள்ள சாப்பிட்டுச்சு, பிள்ள ஒறங்குது என்றுதான் சொல்லுவார்கள். அதனால் அவர்கள் புதிதாக எதையும் கற்கவில்லை, ஏற்கெனவே பேசுகிற பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறந்து கொஞ்ச நாளிலேயே பிள்ளை பால் குடிப்பதை விட்டது. குடித்ததைக் கக்கியது. தோளில் போட்டால் நனைந்த துணி மாதிரிக் கிடந்தது. பலவேசமும் உலகம்மாளும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊர் மொத்தமும் மழைக்குக் கீழே வந்து நின்று அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே டாக்டர் ஜெசிந்தா என்று ஒருவர் இருந்தார். பிள்ளைக்கு ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, அது கண் திறந்து வீறிட்டு அழுத பிறகு, இருவரையும் உட்காரவைத்தார்.

"முதல்ல ஆபத்தச் சொல்லிடுறேன். சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி உண்டு. இந்தப் பிள்ளைக்கு அது சுரக்க வேண்டியது சரியாச் சுரக்கல. அதனால உடம்புல உப்பு நிக்க மாட்டேங்குது."

பலவேசம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். உப்பு வாரி வாரி வெடித்த கைகள். "நாங்க உப்பளத்துக்காரங்க டாக்டர்" என்றான்.

"தெரியும். அந்த உப்ப நீங்களா அள்ளிக் குடுத்துறாதீங்க. நான் சொல்ற அளவு, நான் சொல்ற மாத்திரை. காலம் பூரா. ஒரு நாளும் விடக் கூடாது. விட்டா இன்னைக்கு வந்த மாதிரி வரும், இன்னைக்கு மாதிரி தப்பிக்குமான்னு சொல்ல முடியாது. விடாமக் குடுத்தா மத்தப் பிள்ளைக மாதிரி ஓடும், படிக்கும், சண்ட போடும்."

"அந்த இன்னொண்ணு?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"அது நோய் இல்லம்மா. உள்ள என்ன இருக்கு, எப்படி வளரும்னு பரிசோதனை முடிவு வந்ததும் உங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொல்றேன். இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்ல. அவசியமில்லாம வைக்க நம்ம மாநிலத்துல அனுமதியும் இல்ல. வளரட்டும். தன்னை யாருன்னு அதுவா ஒரு நாள் சொல்லும். அன்னைக்கு நாம கேட்டுக்குவோம்."

முடிவு வந்தது. டாக்டர் சொன்னார், இருவரும் கேட்டுக்கொண்டார்கள். ஊருக்கு அவர்கள் அதைச் சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை. அதனால் அது இந்தக் கதையிலும் இல்லை.

பிள்ளைக்குச் செல்லக்கனி என்று பேர் வைத்தார்கள். அந்த வட்டாரத்தில் கனி என்று முடிகிற பேர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பேர் வைத்த அன்று ஆட்கள் முன்னெச்சரிக்கையாக அம்பாரங்களை எல்லாம் மூடிவிட்டு வந்திருந்தார்கள். உலகம்மாள் பிள்ளையின் காதில் பேரைச் சொன்னாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு துளிகூட அசையவில்லை. அதன் பிறகே பாயசம் பரிமாறினார்கள்.

ஐப்பசி வந்தது, அடைமழை வந்தது, வந்த மழையெல்லாம் நின்ற மழைமேல் ஏறி நின்றது. மற்ற ஊர்களில் அளங்கள் மூழ்கிக் கிடக்கிற மாதங்களில் கள்ளிமுனையில் மட்டும் உப்பு வாரினார்கள். அடுத்த வருஷமும் அப்படியே, அதற்கடுத்த வருஷமும் அப்படியே. கனி தவழ்ந்து, நடந்து, வரப்பில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, சிராய்ப்பில் உப்புத் தண்ணீர் பட்டுக் கத்தி, கத்திக்கொண்டே மறுபடியும் ஓடியது. கனியின் மாத்திரை நேரம் ஊருக்கே தெரிந்திருந்தது. கனிக்கு ஒரு தும்மல் வந்தால் ஜெபமணி வீட்டுக்கு ஆள் போனது. கனியைக் குளிப்பாட்டும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, எனக்கு இப்படி, உனக்கு இப்படி, கனிக்கு அப்படி என்று சொல்லிவிட்டு விளையாடப் போனார்கள். தவசிமணி முதலாளி பலவேசத்தின் வீட்டுக்குக் கூரை மாற்றிக் கொடுத்தார். வெளியூர் ஆள் யாரும் வந்து ஏடாகூடமாகக் கேட்டுவிடாதபடிக்குத் தெருமுனையில் ஒரு காவல்காரனையும் போட்டார்.

இதெல்லாம் நடக்க நடக்கப் பலவேசத்துக்குள் ஒரு நமைச்சல் உண்டானது. தெருவில் எவராவது கனியைத் தூக்கிக் கொஞ்சினால், கொஞ்சி முடித்ததும் அவர் கண் மேலே போகிறதா என்று அவன் பார்ப்பான். அநேகமாகப் போகும். ஊரே தன் பிள்ளையைத் தாங்குகிறது என்று சந்தோஷப்பட வேண்டியவன், பந்தலைத் தாங்குகிற மூங்கிலைப் பந்தலுக்காகத்தானே யாரும் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்வான். இதை உலகம்மாளிடம் ஒரு தடவை சொன்னான்.

"எதுக்காவ தாங்குனா என்ன. பிள்ள கீழ விழாம இருக்குல்லா" என்றாள் அவள்.

"மழ விழுந்துட்டா?"

உலகம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், கல் இல்லாத அரிசியையும் கொஞ்ச நேரம் பொறுக்கினாள்.

கனியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வந்தபோது உலகம்மாளின் அண்ணன் சிவனணைஞ்ச பெருமாள் வந்தார். அவர் லாரி ஓட்டுகிறவர், பல மாநிலம் போய்வருகிறவர். தாய்மாமன் என்ற முறையில் கனிக்குக் காதுகுத்தி மொட்டையடித்தபோது மடியில் வைத்து உட்கார்ந்தவர். கனிமேல் உயிர். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பலவேசத்தைத் தனியே கூட்டிக்கொண்டு போய், மழைக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினார்.

"மாப்ள, எல்லை தாண்டி ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. எனக்குத் தெரிஞ்சவர் பேசிட்டாரு. ஒரே ஆபரேசன். வெட்ட வேண்டியத வெட்டி, தைக்க வேண்டியதத் தச்சு, ஒரு வழிக்குக் கொண்டாந்துருவாங்க."

"டாக்டரம்மா வேண்டாம்னாவளே."

"டாக்டரம்மாவா நாளைக்குப் பள்ளிக்கூடத்து மூத்திரப்புரையில வந்து நிக்கப் போறாவ? ஊருக்குள்ள இந்தப் பயலுவ வாயப் பொத்திட்டு இருக்கானுவன்னா அது உப்புக்காவ. வெளிய உள்ளவன் எதுக்கு மாப்ள பொத்தணும்? நான் ரோட்டுல பாக்கேன், இந்த மாதிரி ஒருத்தரப் பாத்தா என்னல்லாம் பேசுதானுவன்னு. என் மடியில வச்சு மொட்ட போட்ட பிள்ள மாப்ள அது."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் பலவேசத்துக்குக் கஷ்டமாக இருந்தது. பல நாள் யோசித்தான். உலகம்மாளிடம் சொன்னபோது அவள் முதலில் முடியாது என்றாள், பிறகு அழுதாள், பிறகு "எனக்குத் தெரியல, நீங்க எது செஞ்சாலும் பிள்ளைய முழுசாக் கொண்டாந்துருங்க" என்றாள். முழுசாக என்ற சொல்லைப் பலவேசம் உப்பு வாரும்போதும் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் ஒரு காலையில் கனிக்குப் புதுச் சட்டை போட்டு, லாரியில் ஏற்றி உட்காரவைத்தான்.

எப்படித் தெரிந்ததோ, ஊர் முழுக்க ரோட்டில் நின்றது. முன்னால் தவசிமணி முதலாளி நின்றார். அவர் உயரமான ஆள், மழையில் தலை இடித்து வழுக்கையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பலவேசம், எங்க போற?"

"மாசா மாசம் காட்டப் போறதுதான் மொதலாளி."

"அதுக்கு லாரி எதுக்கு? வெளிமாநிலம் போற லாரி."

பலவேசம் கீழே இறங்கினான். அவ்வளவு பேரை ஒரே நேரத்தில் அவன் ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. "எல்லாரும் பிள்ளைக்காவ வந்து நிக்கியளா, உப்புக்காவ வந்து நிக்கியளா?" என்று கேட்டான்.

ஒருவன் காலால் மண்ணைக் கிளறினான். அன்னபாக்கியம் மட்டும் எதையோ சொல்ல வாயெடுத்து, முதலாளியைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் விட்டாள். அந்தக் கேள்விக்கு நேரே நிற்க அவர்களால் முடியவில்லை. ஒவ்வொருவராக ஓரம் ஒதுங்கினார்கள், லாரி போனது.

ஊரைத் தாண்டி ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மழையின் ஓரம் வரும். அதற்கப்பால் வெறும் வானம். லாரி அந்த ஓரத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் கடைசித் துளிகள் உரசிப்போயின. கனி ஜன்னலோரம் உட்கார்ந்து வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது.

"எங்க போறோம்ப்பா?"

"டாக்டர்கிட்ட."

"ஜெசிந்தா டாக்டரா?"

"இல்ல. வேற டாக்டர்."

கனி கொஞ்சம் யோசித்தது. தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது, முழங்காலைத் தொட்டுப் பார்த்தது, அங்கே பழைய சிராய்ப்பு ஆறிவிட்டிருந்தது. பிறகு கவலையோடு அப்பாவைப் பார்த்தது.

"புது டாக்டர் எங்க வலிக்குன்னு கேப்பாங்கல்லாப்பா. நான் எங்கன்னு சொல்லட்டும்? எனக்கு ஒண்ணும் வலிக்கலியே."

பலவேசம் ரோட்டைப் பார்த்தான். ரோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. "மச்சான், வண்டிய நிறுத்துங்க" என்றான்.

"என்ன மாப்ள?"

"நிறுத்துங்க மச்சான்."

சிவனணைஞ்ச பெருமாள் நிறுத்தினார். பலவேசம் பிள்ளையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டான். மச்சானுக்குக் கண் சிவந்துவிட்டது. "பின்னால என்னையக் கொற சொல்லாத. பிள்ள அழும்போது நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். பலவேசம் வந்த வழியே நடந்தான். கனிக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் தோளில் வருவது பிடித்திருந்தது, மழையின் ஓரம் வந்ததும் கையை நீட்டித் துளிகளைத் தட்டிக்கொண்டே வந்தது.

ஊர் இன்னும் ரோட்டிலேயே நின்றிருந்தது. உலகம்மாளும் வந்து நின்றிருந்தாள்.

"என்ன, திரும்பிட்ட?" என்றார் தவசிமணி முதலாளி, முகத்தில் நிம்மதி தெரியும்படி.

பலவேசம் நின்றான். எதிரே இருப்பவர் மீதியை முடித்துவிடட்டும் என்று இந்தத் தடவை அவன் காத்திருக்கவில்லை. "எம்பிள்ளைக்கு ஒண்ணும் வலிக்கல மொதலாளி. அது முழுசாத்தான் பொறந்துருக்கு. நாந்தான் இத்தன வருஷமா எதுக்கோ பொறுத்துக்கிட்டு நின்னேன். இனிமே பொறுக்கதுக்கு ஒண்ணும் இல்ல. இதான் எம்பிள்ள" என்றான்.

சொல்லி முடித்தான். மழை விழுந்தது.

அத்தனை வருஷத்து மழையும் ஒன்றாக விழுந்தது. ஓடி ஒதுங்க யாருக்கும் நேரமில்லை. அம்பாரத்தை மூட யாரும் ஓடவுமில்லை. ஓடியும் புண்ணியமில்லை என்பது கண்ணெதிரே தெரிந்தது. அம்பாரங்கள் சுண்ணாம்புபோலக் கொதித்து, கூன்போட்டு, தரையோடு தரையாகின. பாத்தியும் வரப்பும் ஒன்றாகின. பலவேசம் பிள்ளையைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான், உலகம்மாள் பின்னால் ஓடினாள். மழை விட்டபோது வானம் வெறுமையாக இருந்தது, ஊர் முழங்கால் தண்ணீரில் இருந்தது, அளம் இருந்த இடத்தில் கடல் இருந்தது.

மறுநாள் காலையில் யாரும் அவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருமுனைக் காவல்காரன் போய்விட்டான். எதிர்வீட்டுக்காரன் வாசலில் தண்ணீர் இறைத்துக்கொண்டே தலையைத் திருப்பிக்கொண்டான். முதலாளி மாடியில் நின்று அளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பலவேசம் கண்ணில் பட்டதும், "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல" என்று மேலே இருந்தே சொல்லிவிட்டு உள்ளே போனார். இனி அந்தக் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டால் கரைவதற்கு ஊரில் ஒரு படி உப்புகூட இல்லை. பலவேசம் பெட்டியைக் கட்டலாமா என்று உலகம்மாளிடம் கேட்டான். அவள் அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

கூரை ஒழுகி மாத்திரைகள் எல்லாம் மாவாகக் கரைந்திருந்தன. டப்பாவைக் கவிழ்த்தால் வெள்ளைத் தண்ணீர் வந்தது. காலை வேளை மாத்திரை நேரம் கடந்துவிட்டிருந்தது. கனி பாயில் படுத்து, எழுந்திருக்க மனமில்லாமல், வாயில் எச்சில் ஊற உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பலவேசத்துக்கு அந்தக் கிடப்பு தெரியும், நனைந்த துணி மாதிரி ஒரு கிடப்பு. ரோடு இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் ஓடியது, ஓடைப் பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போது அன்னபாக்கியம் சேலையை இடுப்புக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் வந்து நின்றாள். அவள் கடையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. பலவேசம் அவள் வாயைப் பார்த்தான், அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தான்.

"தம்பி, பிள்ள மாத்திர போட்டுச்சா?" என்று கேட்டாள் அவள்.

பலவேசம் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினான். அன்னபாக்கியம் திரும்பி, தெருவைப் பார்த்து ஒரே குரல் கொடுத்தாள். ஜெபமணி ஓடிவந்து பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், கையில் இருந்த ஓர் ஊசியைப் போட்டாள், சாயங்காலம் வரைக்கும் தாங்கும், அதற்குள் மாத்திரை வர வேண்டும் என்றாள். டாக்டர் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டாள். பிறகு உலகம்மாளிடம் நம்பர் வாங்கி, சிவனணைஞ்ச பெருமாளுக்குப் போட்டாள். அவர் வெகுதூரம் போய்விடவில்லை, விழுந்த மழையைப் பார்த்துக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் லாரியிலேயே கிடந்தார். மாத்திரை என்ற சொல் கேட்டதும் மருந்துக்கடைக்கு லாரியைத் திருப்பினார்.

ரோடு எது, ஓடை எது என்று தெரியாத தண்ணீரில் ஓர் ஆள் தனியாக வர முடியாது. அளத்துக்காரர்களுக்குத்தான் அந்த ரோடு காலால் தெரியும். அவர்கள் இறங்கினார்கள். முதலாளி வரவில்லை. எதிர்வீட்டுக்காரன் வந்தான், பலவேசத்தோடு பேசாமல் வந்தான், வந்து ரோட்டின் ஒரு ஓரத்தில் மார்பளவு தண்ணீரில் நின்றான். இன்னொருவன் அவனுக்கு எதிர் ஓரத்தில் நின்றான். அடுத்து இருவர், அதற்கடுத்து இருவர், ஆணும் பெண்ணுமாக, இரண்டு ஓரமும் ஆட்களே வேலிக்கால்களாக நின்று, ஓடை வரைக்கும், பாலத்தின் மேல், அந்தப் பக்கத்து மேடு வரைக்கும் ரோட்டைக் காட்டினார்கள். பல பேருக்குப் பலவேசத்தின் மேல் கோபம் தீரவில்லை, சில பேருக்கு அது பிறகும் தீரவேயில்லை. பேசவில்லை, ஆனால் நின்றார்கள். தண்ணீர் உப்புக் கரித்தது. அது அவர்களுடைய உப்பு.

அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் சிவனணைஞ்ச பெருமாள் பிளாஸ்டிக் பையைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கால் தடுமாறிய இடங்களில் யாராவது ஒருவர் தோளைக் கொடுத்தார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்து பையை உலகம்மாளிடம் நீட்டினார். உள்ளே வரவில்லை. சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியிலேயே நின்றார். பலவேசமும் அவரை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் நின்றான். உலகம்மாள் பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். கனி விழுங்கியது. பாயிலேயே சாய்ந்து கிடந்தது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திருப்பி வாசலைப் பார்த்தது.

"மாமா ஏன் வெளிய நிக்காங்க?"

சிவனணைஞ்ச பெருமாள் வாசல்படியில் தலை குனிந்து உள்ளே வந்தார். மேலே மழை இல்லாததால் இப்போது குனிய வேண்டிய அவசியம் இல்லை, பழக்கத்தில் குனிந்தார். பாயோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாத்திர கசக்குது மாமா" என்றது கனி.

"கசக்கத்தான் செய்யும்" என்றார் அவர்.